பிரேமினியின் முழுக்கு

பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி என்ற முறையில் எனக்குப் பிரேமினியின் மேல் அடிக்கடி கோபம் வரும். நாள் முழுக்க மலையில் தேயிலைக் கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் மனுஷி சற்றுக் காலை நீட்ட வேண்டாமா? கூடையை இறக்கிய கையோடு ஆண்டியப்பன் மாமாவின் காம்பராவுக்குப் போய்விடுவாள். அவரைத் துடைத்து, துணி மாற்றி, சோறு ஊட்டிவிட்டு வரும்போது அவளுக்குப் பேசக்கூடத் தெம்பிருக்காது.

உறவும் கிடையாது. எங்கள் காம்பரா வரிசையான இந்த லயத்துக் கோயிலின் தலைவராக இருந்தவர் அவர். பிரேமினி வேதத்துக்குப் போய்க் கிறிஸ்தவளானபோது, "இனிமே இவ வீட்ல யாரும் பச்சத் தண்ணி குடிக்கக் கூடாது" என்று வாசலில் நின்று சத்தம் போட்டவரும் அவர்தான். போன வருஷம் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. மகன் கஜேந்திரன் கொழும்பில் கடையில் வேலைக்கு நிற்கிறான். எப்போதாவது வருவான், போவான். கோணிய முகத்தை லயத்தில் யாருக்கும் காட்டமாட்டேன் என்று கிடந்தவர், அவளை மட்டும்தான் கிட்டே விட்டார்.

ஏன்டி இப்படிச் சாகிறாய் என்று கேட்டால், "நான் காமாலையில கெடந்தப்ப பூண்டுலோயா ஜெபவீட்டு ஆளுங்க நாப்பது நாளு கஞ்சி வச்சுக் குடுத்தாங்கக்கா. ஏசப்பா என்னயக் காப்பாத்துனாருன்னா அப்புடித்தான் காப்பாத்துனாரு" என்பாள்.

ஞானஸ்நானத்துக்காக மூன்று வருஷம் காத்திருந்தாள். ஒவ்வொரு முறையும் ஏதாவது தடை வந்துவிடும். கடைசியில் இறம்பொடை ஆற்றில் ஞாயிற்றுக்கிழமை முழுக்கு என்று நாள் குறித்தார்கள். வெள்ளைச் சேலை ஒன்று வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள்.

அந்த வாரம் பார்த்துக் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். தப்பு மேளச் சத்தம் கேட்டதும் ஆண்டியப்பன் மாமா திருநீறு கேட்டார். வலக்கை எழும்பாது. இடது கையால் பூசுவதா? செத்தாலும் செய்யமாட்டார். பிரேமினியைப் பார்த்து நெற்றியைக் காட்டினார். அவள் கையை இழுத்துக்கொண்டாள். அதையெல்லாம் இனித் தொடக் கூடாது, தொட்டால் முழுக்கு இல்லை என்று பாஸ்டர் தர்ஷன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று நாள் ஒரு பருக்கை இறங்கவில்லை. நான் பூசிவிடப் போனேன். போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"ஜெபம் பண்ணிப் பாத்துட்டேன்கா. ஒடம்பும் ஓஞ்சு போச்சு, மனசும் ஓஞ்சு போச்சு" என்று பிரேமினி என் வாசற்படியில் உட்கார்ந்தாள். பிறகு, "கஞ்சி குடுத்தவங்க வந்தப்ப என் நெத்தியில அம்மன் குங்குமம் இருந்துச்சு. அழிச்சுட்டுக் குடின்னு ஒருத்தரும் சொல்லல" என்று எழுந்து போனாள். அன்று மாமா நெற்றியில் திருநீற்றோடு சாப்பிட்டார்.

ஞாயிறு மத்தியானமே திரும்பி வந்தாள். வெள்ளைச் சேலை நனையவே இல்லை.

"பாஸ்டர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவரு பாவம், தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அடுத்த தடவ பாப்போம்னுட்டாரு."

"வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாமேடி?"

"முழுக்கு எடுக்கப் போற எடத்துல பொய்யாக்கா?"

நேரே மாமாவின் வாசலுக்குப் போய், "ஒங்க நெத்தியால அவ முழுக்கு நின்னு போச்சு, தெரியுமா?" என்று கத்திவிட்டேன். சொன்ன பிறகுதான் அவர் கண்ணைப் பார்த்தேன். வாயை அடக்கியிருக்க வேண்டியவள் நான்தான்.

சாயங்காலம் பிரேமினி வழக்கம்போல வெந்நீர் கொண்டுபோனாள். மனசு கேட்காமல் நானும் போய் வாசலில் நின்றேன். துடைத்து முடித்துத் திருநீற்று டப்பாவை எடுத்தாள். மாமா இடது கையால் அதைத் தட்டிவிட்டார். டப்பா உருண்டது, திருநீறு தரையெல்லாம் கொட்டியது.

"வேணாம்... நீ போ... முழுகு" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் வாயோரம் எச்சில் வழிந்தது.

பிரேமினி முந்தானையால் அதைத் துடைத்தாள். பிறகு குனிந்து, டப்பாவில் ஒட்டியிருந்ததை மூன்று விரலால் வழித்தெடுத்தாள்.

"மொகத்தக் காட்டுங்க மாமா. சோறு ஆறுது."

நெற்றி நிறையப் பூசிவிட்டாள். அவர் அழுதுகொண்டே வாயைத் திறந்தார்.