மஜ்ஜைக்குள் வந்த நோயும் விசாரணைக் கவுண்டரும்

ரயில்வே விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்தால், நமக்கு உடம்பு எப்படி இருந்தாலும் கேட்பவருக்கு பிளாட்பாரம் சொல்லியாக வேண்டும். நோயோடு வேலைக்குப் போகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நீலத் திட்டுகள்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து சில வருடங்கள் நன்றாகத்தான் இருந்தேன். பிறகு ஹவுரா ஸ்டேஷன் படியேறினாலே மூச்சு வாங்கியது. கையெல்லாம் அடிபடாமலே நீலத் திட்டுகள். கூட வேலை பார்க்கும் மௌசுமி அக்கா கையைப் பிடித்துப் பார்த்தார்.

"யார் அடிச்சது, உன் வீட்டுக்காரரா? சொல்லு, இன்னைக்கே டாக்குரியாவுல உங்க வீட்டுக்கு வந்து கேக்கறேன்."

இடுப்பெலும்பு

அவர் சந்தேகப்பட்ட என் அப்பாவிக் கணவர் ரகுதான் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ரத்த அணுக்கள் எல்லாமே குறைந்திருந்தன. இடுப்பெலும்பில் ஊசியை இறக்கி மஜ்ஜையை எடுத்துச் சோதித்தார்கள். பழைய மார்பகப் புற்றுநோய் அங்கே பரவியிருந்தது. ரத்தம் ஊற இடமில்லை. "முழுக்கக் குணமாகாதும்மா. கட்டுக்குள்ள வைக்க மருந்து இருக்கு," என்றார் டாக்டர். ரகு என் கையை விடவே இல்லை. எனக்கு அழுகை முட்டியது. அங்கிருந்த நர்ஸ் தண்ணீர் நீட்டினாள். தினமும் ஹவுராவுக்கு லோக்கல் ரயிலில் வருபவளாம்; என்னை வங்காளத்தில் அக்கா என்று அழைத்தாள்.

"தீதி, கவுண்டர்ல உங்க குரல் எனக்குத் தெரியும். சீக்கிரம் வேலைக்கு வாங்க, வண்டி வரும்னு நீங்க சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை."

மின்விசிறிச் சண்டை

வாராவாரம் கீமோ. நடுவில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்து ஈறில் ரத்தம் கசிந்தது. கவுண்டரில் பக்கத்து நாற்காலிக்காரர் தபன்-தாவுக்கும் (தபன் அண்ணன்) எனக்கும் வருஷக்கணக்கில் மின்விசிறிச் சண்டை. அவர்தான் முதலில் வந்து தட்டணு கொடுத்தார். மறுநாள் பார்க்க வந்தவர் வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார்.

"என் ரத்தம் உள்ளே போயாச்சுல்ல? இனிமேலாவது ஃபேனை என் பக்கம் திருப்பு."

இரண்டு ஸ்கார்ஃப்

அணுக்கள் மெல்ல ஏறின. டாக்டர் சம்மதித்ததும் முகக்கவசமும் தலையில் ஸ்கார்ஃபுமாகக் கவுண்டருக்குத் திரும்பினேன். ஒருநாள் ஒருவர் சென்னை வண்டிக்கு பிளாட்பாரம் கேட்டார். மனைவியை வைத்தியத்துக்கு அழைத்துப் போகிறாராம். அவள் தலையிலும் ஸ்கார்ஃப். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், "உங்களுக்கு எங்கே?" என்று மெல்லக் கேட்டாள்.

"மார்பில ஆரம்பிச்சு மஜ்ஜை வரைக்கும்."

"அப்புறமும் வேலைக்கு வர்றீங்களா?"

"வந்திருக்கேனே!"

அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா? எனக்கு ஒருவழி டிக்கெட் மட்டும் போட்டிருக்கீங்க. திரும்பி வரவும் இப்பவே போடுங்க."

மஜ்ஜைக்குள் வந்தது காலி செய்யப் போவதில்லையாம். இருக்கட்டும், நானும் கவுண்டரைக் காலி செய்வதாக இல்லை.