கண்ணாடியில் பார்த்த ஆட்டம்

குழித்துறையில் நான் ஏறிய பேருந்தில் இருக்கை காலியாகக் கிடந்தும் ஒருவர் உட்காரவில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் நின்று, கண்ணாடியில் எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். வளைகுடாவில் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நடந்தபோது ரசிகர்களை நகரத்துக்கு நகரம் கொண்டுபோன பேருந்தை ஓட்டியவராம்.

“ஆட்டம் பாத்தியளா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“எங்க பாக்க? ஏறுகவனுக்க மூஞ்சியக் கண்ணாடியில பாத்தா போதும், செயிச்சானா தோத்தானான்னு தெரியும்.”

மறுபடி கண்ணாடியைப் பார்த்தார்.

“அவனுவளுக்கு எங்க போணும்னாலும் ஓசி வண்டி மக்கா. எங்க அம்மை செத்ததுக்கு லீவு கேட்டேன். கோப்பை முடியட்டும்னு கம்பெனிக்காரன் சொல்லிட்டான். அடக்கம் நடந்த அன்னைக்கு வண்டி நெறைய செயிச்சவனுவ. பாட்டும் கூத்துந்தான்.”

மணவாளக்குறிச்சியில் அவர் இறங்கியதும் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அம்மாவைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த என்னை அவர் எந்தக் கூட்டத்தில் சேர்த்திருப்பார்?