பறக்கக் கற்க எந்த நாடு

எனக்கு விமானி ஆகவேண்டும் என்று ஆசை. அதற்கு எந்த நாட்டில் போய்ப் படிப்பது என்று தெரியாமல், அந்த வருஷம் முழுக்க முத்தியால்பேட்டைக்கும் கடற்கரைக்கும் நடுவே என் ஸ்கூட்டி தேய்ந்தது. காலையில் அமெரிக்கா, மத்தியானம் பிலிப்பைன்ஸ், சாயங்காலம் பிரான்ஸ். இன்டர்நெட் சென்டர்காரர் நான் உள்ளே நுழைந்ததும், "இன்னிக்கு எந்த நாடும்மா?" என்பார். எரிச்சலாக வரும். புதிது புதிதாக விமானக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. எல்லாரும் ஏறிப் போய்விடுவார்கள், நான் மட்டும் தரையிலேயே நிற்கப்போகிறேன் என்று பயம். சாப்பிட உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

பிரான்ஸ் அந்த வரிசையில் வந்ததற்குக் காரணம் அப்பா. அவர் சொல்தா, அதாவது எங்களை ஊரில் விட்டுவிட்டு வருஷக்கணக்கில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர். அவரால் அம்மாவுக்கும் எனக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். எங்கள் ஊரில் அதற்கிருந்த மவுசு சொல்லி மாளாது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் பாஸ்போர்ட்டைத்தான் பார்க்க வந்தார்கள். என் முகம் அவர்களுக்கு ஞாபகம் இருந்திருந்தால் ஆச்சரியம்தான்.

சென்னையில் ஓர் ஏஜென்டைப் போய்ப் பார்த்தேன். பிலிப்பைன்ஸில் சீக்கிரம் முடித்துவிடலாம், திரும்பி வந்தால் சென்னையிலேயே வேலை என்று ஆசை காட்டினார். என் பாஸ்போர்ட்டைப் புரட்டியதும் சுதி இறங்கிவிட்டது.

"இத வெச்சிக்கிட்டு இங்க நிரந்தர வேலை கஷ்டம்மா. இந்தியக் குடியுரிமை வாங்கிட்டு வாங்க. இல்லாட்டி பிரான்சுக்கே போயிடுங்க."

எங்கே படிப்பது என்று கேட்கப் போனவள், எங்கே வாழ்வது என்று யோசித்தபடி பஸ் ஏறினேன்.

வீட்டில் சொன்னேன். "பிரான்சுதான். இதுல யோசிக்க என்னா இருக்கு?" என்றாள் அம்மா.

அப்பா டிவியை அணைத்தார். "அந்த நேஷனாலிட்டிய விட்டுடு" என்றார்.

"ஒங்களுக்குப் புத்திகித்தி பெசகிடுச்சா? ஊரே அதுக்கு நாயா அலையுது" என்றாள் அம்மா.

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க மட்டும் போலாம், நான் போவக்கூடாதா? நீங்கதான் திரும்பி வந்துட்டீங்க இல்ல? நானும் வந்துடுவேன்."

"எங்க வந்தேன்?" என்றார் அப்பா. குரலில் கோபமே இல்லை. "ஊருல எறங்கி ரெண்டு வருஷமாச்சு. ஒங்கம்மா இன்னும் தெனம் காலைல, விருந்தாளியக் கேக்குற மாதிரி, காபிக்குச் சர்க்கரை போதுமான்னு கேக்குறா."

அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் குடியுரிமை மாற்றுவது வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார்கள். எனக்கோ ஒரு வாரம்கூடப் பொறுக்காது. பிரான்சுக்கே போனேன். படித்தேன், லைசென்ஸ் வாங்கினேன், வேலையும் அங்கேயே கிடைத்தது.

முதல் லீவில் ஊருக்கு வந்தேன். டாக்சியிலிருந்து இறங்கும்போது அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றிருந்தார். பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். என் கட்டிலில் புது விரிப்பு, அதன்மேல் புதுத் துண்டு, உறை பிரிக்காத சோப்பு.

"பயணமெல்லாம் சௌகரியமா இருந்துதாம்மா?" என்றார். "எத்தினி நாள் இருப்ப?"