காலைக் கஞ்சியும் மேஜர் பாடமும்

பிரேமா கஞ்சியைக் கிண்டி, கரண்டியைச் சாய்த்துப் பார்த்தாள். தண்ணீராக ஓடாமல் கெட்டியாக வழிந்தது. அப்பா ராஜதுரையின் முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தினாள். அரைக் கரண்டி, இடது கன்னத்துப் பக்கம். தொண்டை ஏறி இறங்கும்வரை அடுத்த கரண்டி கிடையாது. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவருக்கு வலது பக்கம் உதவவில்லை. பேச்சும் போய்விட்டது. மிச்சமிருந்தது 'ஆமா' என்கிற ஒரே சொல். அந்தச் சொல்லை வீட்டில் அவரவர் வசதிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

பிரேமா பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டை முடிக்கிறாள். கடைசி வருஷத்துக்கு மேஜர் என்கிற முதன்மைப் பாடம் எது, மைனர் என்கிற துணைப்பாடம் எது என்று மறுநாள் கல்லூரியில் சொல்லியாக வேண்டும். மேஜர் லாஜிஸ்டிக்ஸ், அதாவது சரக்குப் போக்குவரத்து, என்றால் துறைமுகத்தை ஒட்டிய கன்டெய்னர் யார்டில் பயிற்சி. விடியுமுன் பஸ் ஏற வேண்டும். ஃபைனான்ஸ் என்றால் வகுப்போடு சரி. ஊரில் அவர்களுடைய பலசரக்குக் கடைக்கு லாரி வரும்போதெல்லாம், இந்த மூட்டை எங்கே ஏறி எங்கே இறங்கி வந்தது என்று டிரைவரைத் துளைத்தெடுத்தவள் அவள். மனம் லாஜிஸ்டிக்ஸில் இருந்தது.

சாயங்காலக் கஞ்சி நேரத்தில் தாய்மாமன் ஜெயசிங் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"மச்சான், பிள்ளைய ஃபைனான்ஸே எடுக்கச் சொல்லிருவோமா? நாளப்பின்ன கடைக்கு ஆகும்லா."

"ஆமா," என்றார் ராஜதுரை.

"கேட்டியாளா? உங்கப்பனே சொல்லியாச்சு."

பிரேமா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "அப்பா, நான் லாஜிஸ்டிக்ஸ்தான எடுக்கணும்?"

"ஆமா."

"மாமாவுக்கு இன்னொரு கல்யாணம் முடிச்சுவைப்போமாப்பா?"

"ஆமா."

"வாய்க்கொழுப்பப் பாரு," என்று ஜெயசிங் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அதற்குள் அம்மா பகவதி வாழையிலையில் மடித்துக் கட்டிய இரண்டு பொட்டலங்களை அம்மன் படத்தடியில் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றில் சிவப்பு அரளி, லாஜிஸ்டிக்ஸ். மற்றதில் வெள்ளை, ஃபைனான்ஸ். சின்னப்பிள்ளை ஒன்று கண்ணை மூடி எதை எடுக்கிறதோ அதுதான் அம்மன் உத்தரவு. பகவதியின் கல்யாணமும் இந்தக் கடையும் அப்படி முடிவானவைதான். பூ வந்தபின் மறுபேச்சு அந்தக் குடும்பத்தில் கிடையாது.

"பக்கத்து வீட்டுச் சின்னவளக் கூட்டியாறேன்," என்றாள்.

"இரும்மா. சிவப்பு வந்துட்டா, காலையில அப்பாவுக்குக் கஞ்சி யாரு குடுப்பா?"

பகவதி நின்றுவிட்டாள். ராஜதுரை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய புதிதில் ஒருநாள் அவள்தான் கஞ்சி கொடுத்தாள். கடை திறக்கிற அவசரம். புரையேறி, மூச்சு திணறி, மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதன்பிறகு அவள் கரண்டியைத் தொடவில்லை. கடை அவளை விடவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவளும் அப்படியே சொல்லிவந்தாள்.

"வெள்ள வரணும்னுதாம்ளா வேண்டிக்கிட்டு வாரேன்," என்றாள். "அன்னைக்கு அவரு மூஞ்சி நீலமாப் போனத நான்லா பாத்தேன்."

"அத அம்மன்கிட்ட சொல்லி என்னம்மா ஆவும்? எங்கிட்டல்லா சொல்லிருக்கணும்."

ஜெயசிங் பகவதி பக்கம் திரும்பினார்.

"காலையில கடைய நான் தொறக்கேன் பகவதி. நீ வீட்டுல இரு."

சின்னவளைக் கூப்பிட யாரும் போகவில்லை.

மறுநாள் காலை பகவதி கரண்டியை எடுத்தாள். பிரேமா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். முதல் கரண்டி அவர் நெஞ்சில் கொட்டியது. இரண்டாவது உள்ளே போனது. அடுத்ததில் அவர் இருமினார். பகவதி கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

"உக்காரும்மா. இருமுனா நல்லதுதான், உள்ள போனது வெளிய வரும். சத்தமில்லாமத் திணறுனாத்தான் பயப்படணும். இப்ப ஏதாவது கேளு. குரல் கரகரன்னு வந்தா நிறுத்திரு, தெளிவா வந்தா அடுத்தது குடு."

"என்னங்க, கஞ்சி நல்லாருக்கா?" என்றாள் பகவதி.

"ஆமா."

தெளிவாக இருந்தது. அடுத்த கரண்டியைக் கொடுத்தாள். கரண்டிக்குக் கரண்டி ஏதாவது கேட்டுக் கேட்டுக் கிண்ணத்தைக் காலி செய்தாள். பிறகு அம்மன் படத்தடியிலிருந்த பொட்டலங்களைப் பிரித்து, இரண்டு பூவையும் படத்துக்கு வைத்தாள்.

பிரேமா கல்லூரிக்குப் போய் மேஜர் லாஜிஸ்டிக்ஸ், மைனர் ஃபைனான்ஸ் என்று சொல்லிவிட்டு வகுப்பில் உட்கார்ந்தாள். வீட்டில் பகவதி, சாப்பிட்டவரை உடனே படுக்கவைக்கக் கூடாது என்று மகள் சொல்லிவிட்டுப் போனபடி, அவர் சாய்ந்துவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.