சிட்டுத் தட்டான்

அருங்காட்சியகத்தில் பூச்சிப் பெட்டிகளைப் பராமரித்துவந்தவருக்குத் தட்டான்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் அவர் சட்டையில் அந்துருண்டை வாசனை போகாது. இறக்கை நரம்பைப் பார்த்து எந்தத் தட்டாம்பூச்சி எந்த இனம், எது எதற்குப் பங்காளி என்று பிரித்து வைப்பதுதான் பிழைப்பு.

ஒரே மகள் சிட்டு. பள்ளிக்கூடம் போன பிள்ளை காய்ச்சலோடு திரும்பியது. அந்த வாரமே போய்ச் சேர்ந்தது. மறு வருஷம் கல்குவாரிக் குட்டையில் ஒரு பழுப்புப் பெட்டைத் தட்டான் கிடைத்தது. தெரிந்த எந்த இனத்தோடும் அது ஒட்டவில்லை. புது இனம் என்று எழுதி, மகள் பெயரையே வைத்தார். துறைக்காரர்கள் ஒத்துக்கொண்ட சேதி வந்த அன்றுதான் அவர் மனைவி பழையபடி சிரித்தாள்.

பல வருஷம் கழித்து, அதே குட்டையில் அவர் கண்ணில் ஒரு ஜோடி பட்டது. பழைய சிவப்பு இனம் ஒன்று உண்டு. அதில் ஆணை மட்டுமே எல்லோரும் கண்டிருந்தார்கள். அந்த இனத்து ஆண் ஒன்று, வால் நுனியால் சிட்டுத் தட்டானின் கழுத்தைப் பிடித்து இணை சேர்ந்திருந்தது. அப்படியென்றால் இது தனி இனமில்லை, அதன் பெட்டையா? ஓர் இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் மூத்த பெயர்தான் நிற்கும். சிட்டுவின் பெயர் போய்விடும்.

ஆண் தட்டான் ஆள் தெரியாமல் வேறு இனத்தைப் பிடிப்பதும் உண்டுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பெட்டையின் முட்டைகளைக் கொல்லைத் தொட்டியில் விட்டு, மேலே கொசுவலை கட்டி வளர்த்தார். ஏன் என்று மனைவியிடம் சொல்லவில்லை. அவளோ கொசுப்புழு பிடித்துப் போட்டு, பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்தாள்.

ஒரு காலையில் குச்சியேறித் தோலுரித்து எல்லாம் வெளியே வந்தன.

"ஏங்க, ஓடி வாங்க! எல்லாமே நம்ம சிட்டுங்க, ஒண்ணு விடாம பழுப்பு!"

அவர் வந்து குனிந்து பார்த்தார். "ஆணும் பொறந்த புதுசுல இப்படித்தான் இருக்கும். அப்புறமாத்தான் சிவக்கும்."

"மனுஷன் வயசானா நரைப்பான், இதுங்க சிவக்குமாக்கும்! போங்க, உங்க பூச்சி புத்தி!"

அதன்பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"வலையைத் தூக்கிப் பறக்க விடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"நீங்க வாயை மூடிக்கிட்டா ஆச்சு."

"நாளைக்கு இன்னொருத்தன் கண்டுபிடிப்பான்மா."

அவள் உள்ளே போய்விட்டாள். அவர் கொசுவலைக்குள் ஈ பிடித்து விட்டபடி காத்திருந்தார். சில நாளில் பாதித் தட்டான்களுக்கு, ஆண்களுக்கு மட்டும், இடுப்பில் அந்தப் பழைய இனத்தின் சிவப்பு ஏறியது. முதலில் பார்த்தவள் அவள்தான். வலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"எவனோ வந்து அவ பேரை அழிக்க வேண்டாம்," என்றாள். "வச்ச நீங்களே எடுத்துடுங்க."

அவர் காகிதத்தை எடுத்தார். பேனா நகரவில்லை. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூத்த பெயரை எழுதி, அதன் கீழே மகள் பெயரை எழுதி, இனி இது செல்லாது என்று முடித்தார்.

"எழுதிட்டீங்களா?"

"ம்."

"அவ பேரைத் தப்பில்லாம எழுதினீங்களா?"

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு," என்றார்.