தேசாதிபதி இல்லாத மாசி மாதம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, முல்லைத்தீவிலிருந்து வந்த பஸ்ஸை ஒட்டுசுட்டான் சந்தியில் நிறுத்தி, கொண்டக்டர் எனக்கென்றே தலையை நீட்டினார். "அண்ணை, கந்தப்பு விதானையார் மோசம் போயிட்டார்." சாவுச் செய்தி கேட்டுப் பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். டிரைவரும் எழுந்தார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பது வருடம் எங்கள் ஊர்த்தலைமைக்காரராக இருந்தவர் காலத்தை வருடத்தால் அளந்ததில்லை. கொழும்பிலிருந்து ஆண்ட வெள்ளைக்காரத் தேசாதிபதிகளால் அளந்தார். பிறப்புப் பதிவில்லாதவர்கள் போய் வயது கேட்டால், "நீ தாடிக்காரத் தேசாதிபதி வந்து ரெண்டாம் மாரியிலை பிறந்தனி" என்பார். அரசாங்கக் கச்சேரியே அந்தக் கணக்கை ஏற்றது. கேட்டிருந்தால் இங்கிலாந்து ராணியும் ஏற்றிருப்பா.

நூற்றாண்டு திரும்பிய காலத்தில் அவர் இளந்தாரி. தாடிக்காரரின் தவணை முடிந்தது, புதியவர் முதலில் வன்னியைப் பார்க்க வருகிறார் என்ற பேச்சில் குளக்கட்டில் வாழை கட்டி வளைவு போட்டார். பழையவர் கப்பலேறிவிட்டார். புதியவரோ மாசி முடிந்தும் வந்து சேரவில்லை. வாழையை யானைகள் தின்றன. நாற்பது யானை என்று நான் சொல்வேன். "ரெண்டு" என்று அவர் திருத்துவார்.

என் தங்கை பாக்கியம் கணவனை இழந்து, குளத்தின் கீழ் வயலை வைத்துத்தான் மூன்று பிள்ளைகளை வளர்த்தாள். அந்த வயலுக்குப் பட்டினத்து முதலாளி ஒருவர் உரிமை கேட்டு வந்தார். தன் பாட்டனாருக்கு அரசாங்கம் கொடுத்தது என்று பழைய கடதாசி ஒன்றை நீட்டினார். அடியில் ஒரு மாசி மாதத் திகதியும் தாடிக்காரரின் கையெழுத்தும். விதைப்புக்கு முன் வயல் போய்விடும் என்று பாக்கியம் சாப்பாட்டையே விட்டுவிட்டாள்.

காணி அதிகாரியின் கந்தோரில் நடந்த விசாரணைக்கு நான்தான் விதானையாரை அழைத்துப் போனேன். கடதாசியை மூக்குவரை கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஐயா, இந்த மாசியிலை தாடிக்காரர் கப்பலிலை. புதியவர் வந்து சேரேல்லை. இடையிலை வேலை பாத்தது வேறை ஒரு துரை. கையெழுத்து அவரின்ரையாய் எல்லோ இருக்கோணும்?"

கடதாசி செய்தவர்கள் பஞ்சாங்கத்திலுள்ள தேசாதிபதிகள் பட்டியலைப் பார்த்துத்தான் பெயரைப் போட்டிருக்க வேண்டும். அதில் வருடம் மட்டும்தான் இருக்கும். ஒருவர் எழும்பிய கதிரையில் மற்றவர் உடனே இருந்தார் என்று நினைத்துவிட்டார்கள்.

முதலாளியின் சட்டத்தரணி என்னைக் காட்டிச் சிரித்தார். "உங்கட ஊர்த் தேசாதிபதிக் கதையள் எங்களுக்குத் தெரியும். தன்ரை தேப்பன் தேசாதிபதியின்ரை குதிரையைப் பிடிச்சவர் எண்டு இவர் சந்தியெல்லாம் சொல்லித் திரியிறார். அது உண்மையோ, பெரியவர்?"

இருபது வருடமாக என் தகப்பனைப் பற்றி நான் சொல்லிவந்த கதை அது. குதிரையின் நிறம்கூட எனக்குப் பாடம். விதானையாரைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினேன்.

"இல்லை, ஐயா" என்றார். "தேசாதிபதி பிறகு ஊருக்கு வந்தது கூடார வண்டிலிலை. இவரின்ரை தேப்பன் அண்டைக்குக் காட்டிலை தேன் எடுத்துக்கொண்டு நிண்டவர்."

கந்தோரே சிரித்தது. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. "கூட்டிக்கொண்டு வந்த ஆளுக்காகவும் பொய் சொல்லாதவர், மாசிக் கதையிலையும் பொய் சொல்லமாட்டார்" என்று சொல்லி, கடதாசியைக் கொழும்புக்கு அனுப்பினார். அங்கிருந்தும் விதானையார் சொன்ன பதிலே வந்தது.

விசாரணை முடிந்து வரும் வழியில் பஸ்ஸில் நான் முகம் கொடுக்கவில்லை. "அந்த ஒரு குதிரையை விட்டுத் தந்திருக்கலாம்" என்று கடைசியில் முணுமுணுத்தேன்.

"குதிரையைத் தந்திருந்தால் வயல் போயிருக்கும், தம்பி."

செத்தவீட்டன்று பந்திக்கு வேண்டிய அரிசியைப் பாக்கியம் அந்த வயலிலிருந்துதான் கொண்டுவந்தாள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என் முகத்துக்கு நேரே அவர் சொன்ன அந்த "இல்லை". அதை இங்கே எழுதும்போது ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை.