பிள்ளைக்கென்று சொல்லாமல் செய்த அறை

எனக்குக் கைவேலை ஒன்றும் வராது. ஊசியில் நூல் கோப்பதற்குள் கோபம் வந்துவிடும். ஆனால் எது வடிவு, எது வடிவில்லை என்று சொல்ல மட்டும் நன்றாக வரும். வேலை செய்கிறவரின் முதுகுக்குப் பின்னால் நின்று பிழை பிடிக்கிற குணம் என்னோடு கூடப் பிறந்தது. அதற்கு முகம் சுளிக்காத ஒரே ஆள் என் மச்சாள். அதனால்தான் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டினேன்.

மச்சாள் என் கணவரின் அக்கா. நெல்லியடியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தார். கலியாணமாகி ஏழு வருடம் பிள்ளை இல்லை என்று புருஷன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவன், பிறகு எட்டியும் பார்க்கவில்லை. வேறொருத்தியோடு இருக்கிறான் என்று கதை வந்தது. மச்சாள் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. தாலியைக் கழற்றவும் இல்லை.

வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம் அது. ஒரு முழம் சீத்தைத் துணிக்குக்கூட வரிசையில் நிற்கவேண்டும். எனக்கு அப்போது ஐந்து மாதம். நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் ஒரு ரீச்சர் எங்கிருந்தோ பழைய ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதன் நடுப்பக்கத்தில் ஒரு குழந்தையின் அறை. மஞ்சள் சுவர், வாத்துப் போட்ட யன்னல் சீலை, தொட்டிலுக்கு மேலே நூலில் தொங்கும் பளபளப்புகள். எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யலாம் என்று கீழே எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த அறை எனக்கு வேண்டும் என்று மனதில் ஏறிவிட்டது. ஏறினால் இறங்காத மனம் என்னுடையது.

ஒரே ஒரு தடை இருந்தது. பிறக்காத பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் ஒரு சட்டைகூடத் தைத்து வைக்கமாட்டார்கள். முன்கூட்டிச் செய்தால் பிள்ளை தங்காது என்பார்கள். பிறந்த பிறகுதான் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றுவது. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிச் சிரிக்கிறவளே நான்தான். வீட்டுக்குள் வந்ததும் எனக்கும் பயம்தான். அறையும் வேண்டும், பழியும் வரக்கூடாது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"மச்சாள், உந்த வெங்காய அறையை நீங்கள் எடுங்கோ. உங்கடை அறை எண்டு சொல்லி எல்லாத்தையும் செய்வம். பிள்ளை பிறந்தாப் பிறகு மாத்திக்கொள்ளலாம்."

அவருக்கு விளங்கியது. கெடுதல் ஏதும் வந்தால் அது யாருடைய பெயரில் போய் விழவேண்டும் என்று நான் நினைக்கிறேன் என்பதும் விளங்கியிருக்கும்.

"செய்யுறன். முப்பத்தொண்டிலை பிள்ளையை ஏணையிலை நான்தானே போடுவன்?"

ஏணை என்பது கூரை வளையில் சேலையைக் கட்டித் தொங்கவிடும் தொட்டில். முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்ததும் தகப்பனின் சகோதரிதான் பிள்ளையை முதன்முதலாக அதில் கிடத்தவேண்டும். அது அவர்கள் வீட்டு வழக்கம். மச்சாளுக்குத் தம்பி ஒருவர்தான். அந்தத் தம்பிக்கு இது முதற்பிள்ளை. அவர் இந்த உலகத்தில் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

"அதென்ன கேள்வி? நீங்கள்தானே மாமி. வேறை ஆர் போடுறது?"

மனதாரச் சொன்னேனா என்று கேட்டால், இல்லை. வேலை நடக்கவேண்டும் என்பதற்காக வாயில் வந்ததைச் சொன்னேன்.

அடுத்த நாளே தொடங்கினார். வெங்காயப் பிடிகளை வளையிலிருந்து இறக்கி, சருகு கூட்டி, நிலத்தை மூன்று தரம் கழுவினார். வெங்காய மணம் போக வேப்பிலைப் புகை போட்டார். நான் வாசலில் கதிரையைப் போட்டு, அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். சுவருக்கு மஞ்சள் வேண்டும் என்றேன். கடையில் மஞ்சள் வர்ணம் கிடையாது. சுண்ணாம்புக்குள் மஞ்சளை அரைத்துப் போடுங்கள் என்றேன்.

"இஞ்சை பாரும், சிவந்து போம். ஆலாத்தித் தண்ணிக்கு அப்பிடித்தானே கரைக்கிறது."

"நான் சொல்லுறதைச் செய்யுங்கோ."

செய்தார். சுவர் முழுக்க ஆலாத்தி நிறமாகியது. ஆட்டை அறுத்துத் தேய்த்த மாதிரி இருந்தது. தெரியாமல் செய்ததல்ல, தெரிந்துகொண்டே வேண்டுமென்று கெடுத்தார் என்று கத்தினேன். அவர் தேங்காய்ப் பொச்சுமட்டையால் சுவரைச் சுரண்டினார். இரண்டு நாள் சுரண்டிவிட்டு, வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைச் சுண்ணாம்பில் கரைத்துப் பூசினார். விடிகிற நேரத்து வானம் போல மெல்லிய நீலம். நான் கேட்டதைவிட வடிவாக இருந்தது. பரவாயில்லை என்று மட்டும் சொன்னேன்.

யன்னலுக்குக் கோதுமை மா மூட்டைத் துணி. சோடா போட்டு அவித்தும் அதில் அச்சடித்த எழுத்துகள் முழுதாகப் போகவில்லை. எழுத்து நின்ற இடத்திலெல்லாம் மச்சாள் ஒரு வாத்தை நூலால் தைத்தார். எழுத்து நிறைய இருந்ததால் வாத்தும் நிறைய. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

கடைசியில் தொங்கும் பளபளப்புகள் மிஞ்சின. சிரட்டைத் துண்டு தேய்த்துக் காட்டினார், சிப்பி கோத்துக் காட்டினார். ஒன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. படத்தில் கண்ணாடி மின்னியது. மச்சாளின் தகரப் பெட்டிக்குள் கலியாணத்துக்குப் போட்ட கண்ணாடிக் காப்புகள் துணியில் சுற்றி இருப்பது எனக்குத் தெரியும். பச்சையும் சிவப்பும்.

"உங்கடை காப்பை உடைச்சுக் கோத்தா நல்லா மின்னும். சும்மாதானே கிடக்குது."

புருஷன் இருக்கிறவள் தன் காப்பைத் தானே உடைப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்டேன். எவ்வளவு தூரம் கேட்கலாம் என்று பார்க்கும் ஒரு ஆசை அந்த நாட்களில் எனக்கு வந்திருந்தது. மச்சாள் குசினியில் போய் இருந்து, காப்புகளைத் துணியில் பொதிந்து அம்மிக்குழவியால் தட்டினார். பிறகு ஒவ்வொரு துண்டின் கூரையும் கல்லில் உரஞ்சி மழுக்கி, மீன் பிடிக்கும் தங்கூசி நூலில் கட்டினார். பிள்ளையின் கண்ணில் குத்தக்கூடாது என்பதுதான் அவருடைய கவலை.

இதற்கிடையில் ஊர் சிரிக்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டு மனுசி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, அது யாருக்கு அறை என்று கேட்டாள்.

"மச்சாளுக்கு. அவவின்ரை ஆசை, நான் என்ன செய்ய," என்றேன்.

"வாத்தெல்லாம் தைக்கிறா. பாவம், தலைக்குள்ளை ஏதும் பிசகிப் போச்சோ?"

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். சிரித்தேன். மச்சாள் கிணற்றடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை இல்லாத பைத்தியத்தில் தொட்டில் அறை கட்டுகிறாள் என்று கோயிலடி வரைக்கும் கதை போனது. மச்சாள் கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். வேலையை நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். சுகமான பிள்ளை. என் அம்மா உரும்பிராயிலிருந்து வந்து என்னோடு நின்றார். எனக்குப் பத்தியச் சரக்குக் கறி காய்ச்சியதும் பிள்ளையின் துணி தோய்த்ததும் மச்சாள்தான். பிள்ளையைத் தொடவில்லை. ஏணையில் போடும் நாளுக்காகப் பார்த்திருந்தார்.

முப்பத்தோராம் நாள் வந்த சனம் எல்லாம் அறையைத்தான் பார்த்தது. காற்றுக்குக் கண்ணாடித் துண்டுகள் கிலுங்கின. ஆர் செய்தது, ஆர் செய்தது என்று கேட்டார்கள். என் கணவர், என்றைக்கும் வாய் திறக்காத மனிதர், "எங்கடை அக்கா," என்றார். பைத்தியம் என்று சிரித்த அதே மனுசிகள் மச்சாளின் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை. முப்பத்தொரு நாள் பச்சை உடம்போடு கிடந்து எழும்பியவள் நான். பெற்றவள் நான். அறை மட்டும் அவருடையதாக நின்றது.

அம்மா என் காதுக்குள், பிள்ளையில்லாத கை, கவனம் என்றார். அம்மா சொல்லித்தான் செய்தேன் என்று கனகாலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அம்மா சொல்லாவிட்டாலும் செய்திருப்பேன்.

மச்சாள் முழுகி, கூறைச்சேலை உடுத்து வந்தார். முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை. இரண்டு கையையும் நீட்டினார்.

"வேண்டாம் மச்சாள்," என்றேன், எல்லோருக்கும் கேட்க. "உங்கடை கை என்ரை பிள்ளையிலை படவேண்டாம். குறை நினையாதேங்கோ."

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. என் கணவர் முற்றத்தைப் பார்த்தார். அம்மா பிள்ளையை வாங்கி ஏணையில் கிடத்தினார். மச்சாள் குசினிக்குப் போய், வந்தவர்களுக்குப் பந்தியில் பரிமாறினார்.

அதற்குப் பிறகும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அவர் துணி தோய்த்தார், கஞ்சி காய்ச்சினார். பிள்ளையைத் தொடவேயில்லை. எனக்குக் காய்ச்சல் வந்து கொஞ்சம் தூக்கச் சொன்னபோதும் பக்கத்து வீட்டு மனுசியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

மகள் நடை பழகிய புதிதில், ஒருநாள் என் கையை விட்டுவிட்டு விறாந்தையில் மச்சாளை நோக்கி நடந்தாள். நாலைந்து எட்டு. கையைத் தூக்கிக்கொண்டு போனாள். மச்சாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு எட்டுப் பின்னால் போனார். பிள்ளை சீமெந்தில் முகம் குப்புற விழுந்தது. உதடு கிழிந்து இரத்தம்.

"பிடிச்சிருக்கலாமே," என்று கத்தினேன்.

"என்ரை கை படவேண்டாம் எண்டு நீர்தானே சொன்னனீர்," என்றார்.

அவர் பின்னால் கட்டிய கைகளை நான் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். ஒரு கை மற்றக் கையின் மணிக்கட்டை நகம் பதிய இறுக்கிப் பிடித்திருந்தது. கண்ணால் தண்ணீர் ஓடியது. இந்த இரண்டையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளை விழட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றார் என்று மட்டும் கணவரிடம் சொன்னேன், வேலிக்கு அங்காலும் சொன்னேன்.

ஒரு கிழமைக்குள் என் கணவர், குருநகர்ப் பக்கம் தனியாக இருந்த ஒரு தூரத்து உறவுக்காரிக்குத் துணையாக அக்காவை அனுப்ப ஒழுங்கு செய்தார். கணவருக்கு அதில் மனமில்லை. நான் சாப்பிடாமல் கிடந்து சாதித்தேன்.

போகிற அன்று மச்சாள் தகரப் பெட்டியோடு படலையடியில் நின்றார். பிள்ளை என் இடுப்பில் இருந்தது. அவரைக் கண்டதும் உதட்டில் காயத்தோடு சிரித்து, இரண்டு கையையும் நீட்டித் தாவியது. மச்சாள் பிள்ளையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் ஒருமுறை தலையாட்டினால் போதும் என்று நின்றார்.

நான் பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "பஸ் போயிடும் மச்சாள்," என்றேன்.